கனமான சிவப்பு ஒயின் பிளெண்ட்: குணம் பார்த்து உணவோடு சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"சிவப்பு ஒயினா? அப்படியென்றால் இறைச்சிதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பலருக்கும் பழக்கம். அந்த வரியை நம்பி ஒருமுறை நல்ல கேபர்நே பிளெண்ட் (கேபர்நே திராட்சையோடு வேறு வகைகளையும் கலந்த ஒயின்) ஒன்றைக் கொழுப்பே இல்லாத கோழி நெஞ்சுக்கறியோடு வைத்தேன். கறிக்கு மேலே காரமும் இனிப்புமாக ஒரு சாஸ். முதல் வாயிலேயே ஒயின் கசந்தது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலில்தான் ஏதோ கோளாறு என்று மூடி வைத்துவிட்டேன். மறுநாள் மீந்ததைக் கொழுப்பு ஓடிய ஆட்டு விலாக்கறியோடு குடித்தபோது அது வேறு ஒயின் மாதிரி இருந்தது. கறுப்புத் திராட்சைப் பழத்தின் சதைப்பற்று, கூடவே சீடர் மரத்தின் மணம், கசப்பு துளியும் இல்லை. இரவு முழுக்கக் காற்றுப் பட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய வேலையைச் செய்தது அந்தக் கொழுப்பும் உப்பும்.

கோழியும் இறைச்சிதான், ஆடும் இறைச்சிதான். ஆகவே "சிவப்புக்கு இறைச்சி" என்ற விதியில் பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான பிளெண்டில் துவர்ப்பு, புளிப்பு, ஆல்கஹாலின் சூடு, பழச்சுவை, ஓக் மரப் பீப்பாயின் வாசம் என்று ஐந்து பேர் சேர்ந்தே இருப்பார்கள். இந்தப் பாட்டிலில் யார் முன்னால் நிற்கிறார் என்று கண்டுபிடித்தால் போதும். தட்டில் என்ன வைப்பது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: பாட்டிலில் எந்தத் திராட்சைகள் என்று பாருங்கள்

ஏன் கலக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். பிரான்சின் போர்தோ பகுதி அட்லாண்டிக் கடலை ஒட்டியது; அறுவடை நேரத்தில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அங்கே மெர்லோ முன்னதாகப் பழுத்துவிடும், கேபர்நே சாவிஞான் தாமதமாகத்தான் பழுக்கும். இரண்டையும் நட்டுவைத்தால் ஒன்று கைவிட்டாலும் மற்றது கைகொடுக்கும். பிழைப்புக்காகச் செய்த ஏற்பாடு ருசிக்கும் பொருந்திவிட்டது. கேபர்நேயில் துவர்ப்பும் புளிப்பும் திடமாக இருக்கும், ஆனால் வாயின் நடுப்பகுதியில் கொஞ்சம் வெறுமை தட்டும். அந்த இடத்தை மெர்லோ தன் சதைப்பற்றால் நிரப்புகிறது. மணத்துக்குக் கேபர்நே ஃபிராங்க் சேரும். நிறத்துக்கும் துவர்ப்புக்கும் பெட்டி வெர்டோ கொஞ்சமே கொஞ்சம் போதும். கூடினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கேபர்நே சாவிஞானின் பெற்றோர் கேபர்நே ஃபிராங்கும் வெள்ளைத் திராட்சையான சாவிஞான் பிளாங்கும் என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 1997-ல் மரபணுச் சோதனை மூலம் வெளியிட்டார்கள். மெர்லோவுக்கும் பெற்றோரில் ஒன்று கேபர்நே ஃபிராங்க்தான் என்பது பிறகு தெரியவந்தது. ஒரு சராசரி போர்தோ பாட்டிலுக்குள் பெற்றவரும் இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக இருக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று அத்தனை இயல்பாகப் பொருந்துவதைக் குடிக்கும்போது இது நினைவுக்கு வரும்.

போர்தோவிலேயே ஆற்றின் இடது கரை கூழாங்கல் நிலம். அங்கே கேபர்நே ஓங்கியிருக்கும், ஒயின் விறைப்பாக இருக்கும். வலது கரையில் களிமண் அதிகம். மெர்லோ ஓங்கி, ஒயின் வழுவழுப்பாக வரும். ஒரே பகுதியின் பெயர் போட்ட இரண்டு பாட்டில்களுக்கு இரண்டு விதமான சாப்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

அடுத்த பெரிய குடும்பம் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கினுடையது: கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர. ஆஸ்திரேலியாவில் இதே மூன்றையும் முதலெழுத்துகளால் ஜி.எஸ்.எம். என்று அழைக்கிறார்கள். கிரெனாஷ் வெயிலில் நன்றாகப் பழுத்து ஆல்கஹாலையும் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி போன்ற பழச்சுவையையும் கொண்டுவரும், துவர்ப்பு குறைவு. சிரா கருநிறத்தையும் மிளகு வாசத்தையும் தரும். மூர்வேத்ர மண்ணும் இறைச்சியும் கலந்தாற்போல ஒரு காட்டு மணம் தரும். சிராவின் மிளகு வாசம் வெறும் வர்ணனை இல்லை. ரொட்டண்டோன் என்ற பொருளே அதற்குக் காரணம் என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருமிளகின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் உதவும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் டஸ்கனியில் சாஞ்சோவேசே திராட்சையோடு கேபர்நேயைச் சேர்த்துச் செய்யும் 'சூப்பர் டஸ்கன்' வகைகளில் புளிப்பு முன்னால் நிற்கும். போர்ச்சுகலின் தூரு பள்ளத்தாக்கில் தோரீகா நாசியோனால் கலந்தவை கறுத்து, மணத்து, துவர்ப்பாக இருக்கும். கலிஃபோர்னியாவில் சின்ஃபண்டல், பெட்டீட் சிரா கலந்து வருபவை ஜாம் போலப் பழுத்த சுவையோடு இருக்கும். அவற்றில் சிலவற்றில் நொதிக்காமல் மீந்த சர்க்கரையும் இருக்கும்.

லேபிளில் ஒரு திராட்சையின் பெயர் மட்டும் இருக்கிறதே என்று கலவை இல்லை என முடிவுகட்ட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதமும் அமெரிக்காவில் 75 சதவீதமும் அந்தத் திராட்சையாக இருந்தாலே அதன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மிச்சம் வேறு எதுவாகவும் இருக்கலாம். பின்பக்க லேபிளில் சதவீதங்கள் போட்டிருந்தால் கட்டாயம் படியுங்கள்.

அப்புறம் ஆல்கஹால் எண். 13 என்றால் நிதானமான ஒயின், 14.5, 15 என்றால் தொண்டையில் சூடு தெரியும், காரத்தோடு ஒத்துப்போகாது. 15 சதவீத ஒயினில் 750 மி.லி. பாட்டிலுக்கு நூறு மி.லி.க்கும் மேல் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. பாட்டில் திறக்கிற அன்று வண்டிச் சாவியை எடுக்காதீர்கள்.

படி 2: சரியான சூட்டில், காற்றுப் பட வைத்து ஊற்றுங்கள்

சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் குடிக்க வேண்டும் என்ற பேச்சு, சூடேற்றும் வசதி இல்லாத பழைய ஐரோப்பிய கல் வீடுகளின் காலத்துக்குச் சரி. கனமான பிளெண்டுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் நல்லது. 25 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் நெடி மூக்கில் ஏறிப் பழவாசத்தை மறைத்துவிடும். ரொம்பக் குளிர்ந்தால் மணம் அடங்கி, துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும். வெளியே வைத்திருந்த பாட்டிலை இருபது முப்பது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எத்தனையோ பேர் "இது எனக்குச் சரிப்படாது" என்று ஒதுக்கிய ஒயின், இந்த ஒரு காரியத்தால் மட்டுமே குடிக்கும்படி ஆகியிருக்கிறது.

கார்க்கை எடுத்துவிட்டுப் பாட்டிலைத் திறந்தபடி வைப்பதால் ஏறத்தாழ ஒன்றும் நடக்காது. கழுத்துப் பகுதியில் காற்றுப்படும் பரப்பு ஒரு நாணய அளவுதான். வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றுங்கள். இளம் ஒயினுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். பதினைந்து இருபது வயதான பாட்டில் என்றால் கணக்கு வேறு. முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் படிந்த பிறகு மெல்லச் சாய்த்து ஊற்றி, உடனே குடிக்கத் தொடங்கிவிட வேண்டும். அதன் மணம் காத்திருக்காது.

முகர்ந்து பார்க்கையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் கார்க் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். காற்றுப் பட்டாலும் சரியாகாது. வாங்கிய இடத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: யார் முன்னால் நிற்கிறார்?

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்ற இடம் வேண்டும். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நான்கைந்து நொடி வாய் முழுக்கப் படரவிடுங்கள்.

ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகினால் அது துவர்ப்பு. கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன தேநீரைக் குடித்தால் வாய் எப்படி ஆகும்? அதேதான். இதைச் சொல்லப் பல மொழிகளில் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது; நமக்கு அறுசுவைக் கணக்கிலேயே 'துவர்ப்பு' என்று நேரான சொல் இருக்கிறது. திராட்சையின் தோல், விதை, காம்பு, பிறகு ஓக் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து வரும் டேனின்தான் காரணம். அது எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய், சொரசொரப்புத் தெரிகிறது. துவர்ப்பையும் கசப்பையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். கசப்பு ஒரு சுவை. துவர்ப்பு வாயில் உணரும் ஒரு பிடிப்பு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

விழுங்கியதும் நாக்கின் இருபக்கமும் எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம். தொண்டையிலும் நெஞ்சிலும் சூடு பரவினால் ஆல்கஹால். பழச்சுவையைப் பார்க்கும்போது அது புதுப் பழமா, வெயிலில் சுருங்கிய பழமா, ஜாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓக்கைக் கண்டுபிடிப்பது சுலபம்: அமெரிக்க ஓக் என்றால் வெனிலாவும் தேங்காயும் போல மணக்கும், பிரெஞ்சு ஓக்கில் கிராம்பு, வறுத்த ரொட்டி, லேசான புகை.

ஒரு தாளில் ஐந்தையும் எழுதி, ஓங்கியிருப்பவற்றில் இரண்டுக்கு மட்டும் வட்டம் போடுங்கள். ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

படி 4: ஒரு சின்னத் தட்டில் பரிசோதனை

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். பத்து நிமிட வேலை. ஆனால் எத்தனை பட்டியலைப் படித்தாலும் கிடைக்காத அறிவு இதில் கிடைக்கும். தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, கெட்டியான பழைய சீஸ் துண்டு ஒன்று, உப்புப் போடாமல் வதக்கிய காளான் இரண்டு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு துணுக்குச் சிவப்பு மிளகாய். பக்கத்தில் தண்ணீரும் வெறும் ரொட்டியும்.

முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய். பிறகு சர்க்கரையை நாக்கில் வைத்துக் கரைத்துவிட்டுக் குடியுங்கள். பழச்சுவை காணாமல் போய், ஒயின் புளித்துக் கசக்கும். தண்ணீர் குடித்து, ரொட்டி கடித்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து உப்பில்லாத காளான். ஒயின் முரடாகும், துவர்ப்பு கூடும். காளானில் இருக்கும் உமாமி என்ற, இறைச்சிச் சாறு போன்ற சுவை செய்கிற வேலை இது. இப்போது இரண்டாவது காளான் மீது உப்பைத் தூவி, எலுமிச்சையை இரண்டு சொட்டுப் பிழிந்து சாப்பிட்டுவிட்டுக் குடித்துப் பாருங்கள். அதே காளான், அதே ஒயின். ஆனால் முரட்டுத்தனம் இறங்கிப் பழம் மேலே வந்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கிளாஸை மாற்றிவிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள்.

சீஸோடு குடித்தால் துவர்ப்பு பாதியாகத் தெரியும். அதிலுள்ள புரதமும் கொழுப்பும் டேனினுக்கு வேறு வேலை கொடுத்துவிடுகின்றன. உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. கடைசியாக மிளகாய். கடைசி என்பதற்குக் காரணம், அதன் பிறகு நாக்கு எதற்கும் உதவாது. ஆல்கஹால் அந்த எரிச்சலை ஏற்றிவிடும், துவர்ப்பும் கூடவே கூர்மையாகும். எரிச்சலே பிடிக்கும் என்கிறவர்களுக்கு இது தவறாகப் படாது, எனக்குப் படுகிறது.

சரி, இதிலிருந்து கிடைப்பது என்ன? உணவின் உப்பும் புளிப்பும் ஒயினை மென்மையாக்கும்; உணவின் இனிப்பும் உமாமியும் ஒயினைக் கடுமையாக்கும். சமையலில் எதையாவது சரிசெய்ய வேண்டுமென்றால் முதலில் உப்பைத்தான் தொட வேண்டும்.

படி 5: முன்னால் நிற்பவருக்கு ஏற்ற உணவு

*துவர்ப்பு ஓங்கினால்* (கேபர்நே அதிகமுள்ள கலவை, தூரு, பெட்டீட் சிரா): கொழுப்பு, புரதம், உப்பு மூன்றும் வேண்டும். ஆட்டு விலா, கொழுப்பு வரி ஓடிய மாட்டு ஸ்டேக், வாத்துத் தொடை. ஸ்டேக்கை எப்படிச் செய்கிறோம் என்பது எதைச் செய்கிறோம் என்பதைவிட முக்கியம். இரண்டு விரல் கனத் துண்டுக்குச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே நன்றாக உப்புத் தடவி வையுங்கள். முதலில் நீர் கசியும். பிறகு அதே நீர் உப்போடு உள்ளே திரும்பும். மேற்புறத்தை ஒற்றித் துடைத்து, புகையும் கல்லில் போட்டு, பழுப்பு மேலோடு வரும்வரை அசைக்காமல் விடுங்கள். அந்தக் கருகலின் மெல்லிய கசப்பு ஓக் பீப்பாயின் வறுத்த வாசத்தோடு சேர்ந்துகொள்ளும். நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். முழுக்க வெந்து சாறு வற்றினால் ஒயினுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஐந்து நிமிடம் ஓய்வுவிட்டு, இழைக்குக் குறுக்காக வெட்டி, மேலே இன்னும் நாலு கல் உப்பு.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இந்த வகை ஒயின் இல்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முழுக் கத்தரிக்காயைத் தணலில் தோல் கருகச் சுட்டு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் எலுமிச்சையும் தாராளமாகச் சேருங்கள். வெண்ணெயில் வதக்கிய பெரிய காளான்களும் சரிதான். உப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். வால்நட்டில் எச்சரிக்கை தேவை: அதன் தோலிலேயே துவர்ப்பு இருப்பதால், சுமை குறைவதற்குப் பதில் கூடிவிடும்.

கேபர்நேயில் சில சமயம் பச்சைக் குடமிளகாய் வாசம் வரும். பைரசீன் என்ற பொருள்தான் அது, குடமிளகாயிலும் அதுவேதான். அப்படி வந்தால் சுட்ட குடமிளகாயைத் தட்டில் சேருங்கள். ஒயினில் குறையாகத் தெரிந்த வாசம் உணவோடு உறவாகிவிடும்.

*மிளகும் மூலிகையும் தெரிந்தால்* (சிரா, மூர்வேத்ர சேர்ந்த ரோன் வகை): இங்கே மிளகுதான் பாலம். கரகரப்பாக உடைத்த மிளகு, ரோஸ்மேரி, தைம் சேர்த்து மெதுவாக வேகவைத்த ஆட்டுத்தொடை, தொத்திறைச்சி, எலும்போடு கொதித்த ஸ்டியூ. எனக்கு எல்லாக் கனமான பிளெண்டுகளிலும் இந்தச் சேர்க்கைதான் முதலிடம். கிரெனாஷின் பழம், சிராவின் மிளகு, குழம்பின் கொழுப்பு, மூன்றும் எங்கே முடிந்து எங்கே தொடங்குகின்றன என்று பிரித்துச் சொல்ல வராது. மிளகின் காரம் மிளகாய் அளவுக்கு ஆல்கஹாலோடு சண்டைக்கு நிற்பதில்லை.

*புளிப்பு ஓங்கினால்* (சாஞ்சோவேசே சேர்ந்தவை): தக்காளி. மென்மையான மெர்லோ பிளெண்ட் தக்காளி சாஸின் முன் சப்பென்று ஆகிவிடும். இது நிமிர்ந்து நிற்கும். இறைச்சி சாஸ் ஊற்றிய பாஸ்தா, பார்மசான் சீஸ்.

*பழமும் இனிப்பும் ஓங்கினால்* (சின்ஃபண்டல் வகை): இனிப்பான பார்பிக்யூ சாஸ் தடவிச் சுட்ட விலா, பர்கர். மற்ற ஒயின்களைக் கெடுக்கிற இனிப்பு சாஸ் இதற்குத்தான் பொருந்தும். உணவின் இனிப்பு ஒயினின் பழத்தை மிஞ்சாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வயதான பாட்டில் கிடைத்தால் மசாலாவையெல்லாம் ஓரங்கட்டிவிடுங்கள். துவர்ப்பு இறங்கி, தோலும் காய்ந்த இலையும் காளானும் போன்ற மெல்லிய மணங்கள் வந்திருக்கும். உப்பு மட்டும் போட்டு வறுத்த இறைச்சி போதும்.

படி 6: விலக்க வேண்டியவை

மீன் வேண்டாம். காரணம் டேனின் மட்டும் இல்லை. ஒயினில் உள்ள இரும்புச்சத்து கடலுணவோடு சேரும்போதுதான் அந்தப் பிடிக்காத மீன்வாடை எழுகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரீ போன்ற மென்மையான சீஸோடு கனமான சிவப்பு கசக்கும். நீலப் பூஞ்சை சீஸ் அதை நசுக்கிவிடும். செடார், கௌடா, மான்செகோ போலக் கெட்டியாக முதிர்ந்தவையே சரி. சாக்லேட்டோடு சிவப்பு ஒயின் என்பதைப் பலர் காதலோடு சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சாக்லேட்டின் இனிப்பு ஒயினைப் புளிக்கவைக்கிறது, அதன் கசப்பு டேனினோடு கூட்டுச் சேர்கிறது. ஆசையாக இருந்தால் இனிப்பான போர்ட் ஒயினைத் திறந்துகொள்ளுங்கள்.

சமையலில் ஒயின் ஊற்றுவதானால் துவர்ப்பு மிகுந்ததை நிறைய ஊற்றாதீர்கள். சுண்டும்போது தண்ணீரும் ஆல்கஹாலும்தான் போகும். டேனின் அங்கேயே செறிந்து நிற்கும்.

படி 7: மீந்த பாட்டில்

குடுவையில் மீந்ததைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றி, கார்க்கை இறுக்கி, ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். சிவப்பு ஒயின் என்பதற்காக வெளியே வைக்க வேண்டாம். குளிரில் காற்றின் வேலை மெதுவாகும். மூன்று நாலு நாள் தாங்கும். முக்கால் பாட்டில் காலி என்றால் சின்ன பாட்டிலுக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள். குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். துவர்ப்பு மிகுந்த இளம் கேபர்நே பிளெண்ட் இரண்டாம் நாள்தான் தன் முழு மணத்தையும் காட்டும் என்பது என் அனுபவம். கிரெனாஷ் மிகுந்தது அவ்வளவு பொறுக்காது. அதை மறுநாளே முடித்துவிடுங்கள்.